அத்தாவுக்கும் மகனுக்கும் இரண்டு தூளிகள்



விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, எங்கே போவது என்பது. இரண்டாவது கேள்வி, எவ்வளவு ஆகும் என்பது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்ததும் முதல் கேள்வி கைவிடப்படும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓர் இரவுக்குக் கேட்கும் அறை வாடகையில் ஒரு சிறு குடும்பத்தின் பத்து நாள் சமையல் நடந்துவிடும். மதரஸாவில் ஓதிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் அவசியம்கூட நேர்வதில்லை.

ஆயினும் மூன்று ஆண்டுகளாக நாம் பிள்ளைகளோடு வெளியில் போய் இரவு தங்கி வருகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அறையும் கூடாரமும் இல்லாமல், இரண்டு மரங்களுக்கிடையே துணியைக் கட்டி அதில் படுத்துத் தூங்குகிறோம். வெளிநாடுகளில் இதனை ஹேமக் என்கிறார்கள். நம் வீடுகளில் உத்தரத்தில் புடவையைக் கட்டிப் பிள்ளையைக் கிடத்துகிறோமே, அந்தத் தூளிதான் இது. ஆள் மட்டும் பெரியவர். எப்படித் தொடங்குவது, என்ன வாங்குவது, பயமில்லையா, தொழுகைக்கு என்ன செய்வீர்கள் என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் பலர் நம்மிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

முதலில் ஓர் ஆட்சேபத்தைப் பார்த்துவிடுவோம். இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, ஓதுகிற பிள்ளைகளுக்கு எதற்கு என்று நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். அவருடைய அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் செய்தி சரியன்று. 1492-இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் பருத்தி வலைகளை மரங்களுக்கிடையே கட்டித் தூங்குவதைக் கண்டார். ஹேமக் என்னும் சொல்லே அம்மக்களின் மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கப்பலுக்குக் கொண்டுபோனது அதற்குப் பின்னர்தான். ஆகவே இது ஏழைகள் கண்டுபிடித்த படுக்கை. நபி (ஸல்) அவர்கள் பாயில் படுத்து விலாவில் தழும்பு பதிந்ததையும், இவ்வுலகில் தம் நிலையை மர நிழலில் சற்று ஒதுங்கிப் பின் கிளம்பிவிடும் பயணிக்கு ஒப்பிட்டதையும் திர்மிதியில் படித்துக் கொடுக்கிறோம். படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் மர நிழலில் ஒரு மணி நேரமாவது ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பெரியவரிடமே கேட்டோம். சிரித்துவிட்டு, "கொசு கடிக்காம பார்த்துக்குங்க ஹஜ்ரத்" என்றார்.

இனி துணி. இணையக் கடைகளில் பாராசூட் நைலான் துணியில் தைத்த தூளிகள் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. எடை குறைவு, சுருட்டினால் ஒரு பெரிய சொம்பின் அளவுதான். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். கயிற்றில் பின்னி, இரு முனையிலும் கட்டை வைத்துத் திருவிழாக் கடைகளில் தொங்கவிட்டிருக்கும் வலை ஊஞ்சல்களை மட்டும் வாங்க வேண்டாம். முனையில் கட்டை இருந்தால் படுக்கை விரிந்து அழகாகத் தெரியும்; புரண்டு படுத்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

நாம் முதல் தூளியைத் தைத்துத்தான் செய்தோம். தடித்த, நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி, 11 அடி நீளம், 5 அடி அகலம். கரூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள். படுக்கை விரிப்புத் துணிகள் அங்கே எடைக்குக்கூடக் கிடைக்கும். எட்டு முழ வேட்டி போதாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நீளம் போதும், நெசவு போதாது. அகலமான இரு முனைகளையும் இரண்டு அங்குலத்துக்கு மடித்து, கயிறு நுழையும் அளவுக்குக் குழல்போல விட்டு, கெட்டி நூலில் மூன்று வரிசை தைக்கும்படி தையற்காரரிடம் சொல்ல வேண்டும். அந்தக் குழலுக்குள் கயிற்றைச் செலுத்தி இழுத்தால் துணி கொசுவமாகச் சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் தூளி.

மரத்தில் கட்டுவதற்குக் கயிற்றை விட நாடா நல்லது. லாரிகளில் சரக்குக் கட்டும் பாலியெஸ்டர் பெல்ட், ஓர் அங்குலத்துக்கும் அதிகமான அகலத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒரு தூளிக்கு 6 மீட்டர் போதும். நைலான் கயிறு எடை ஏற ஏற நீளும். இரவு பத்து மணிக்கு நாற்காலி உயரத்தில் படுத்தவர் தஹஜ்ஜுத் நேரத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கவும் செய்யும். மரத்துக்கும் ஹக் உண்டு. துணி, பெல்ட், கயிறு, தையல் கூலி எல்லாம் சேர்த்து நமக்கு 1,100 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. விலை ஊருக்கு ஊர் மாறும்.

கட்டியவுடன் ஆள் ஏறக் கூடாது. எடை வைத்துச் சோதிக்க வேண்டும். அரியலூர்க்காரர்களுக்கு எடைக்கல் தேடி அலையும் சிரமம் இல்லை. எந்தத் தெருவிலும் 50 கிலோ சிமென்ட் மூட்டை கிடைக்கும். இரண்டு மூட்டைகளைத் தூளியில் வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். தையல் பிரிந்தால் மூட்டைதான் விழும்.

அடுத்துச் சொல்லப்போவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். புதிதாகக் கட்டுகிற ஏறக்குறைய அனைவரும் தூளியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். இறுகக் கட்டினால்தான் பத்திரம் என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்குமானால், 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசை விழும். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் அது ஏறத்தாழ 200 கிலோ. 5 பாகை என்றால் 400 கிலோ. அதே ஆள், அதே துணி. சாய்வு மட்டும் குறைந்தது. இந்தக் கணக்கை நாம் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, பத்தாம் வகுப்பில் முக்கோணவியலைக் கண்டால் ஓடுகிற மாணவர் ஒருவர் எழுந்து நின்று, "இதுக்குத்தானா ஹஜ்ரத் சைன் தீட்டா?" என்று கேட்டார்.

30 பாகையை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, கட்டைவிரலை நேர் மேலாக நிமிர்த்திப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் இடையே ஓடும் சாய்கோடு ஏறத்தாழ அந்த அளவுதான். மரங்களுக்கிடையே 12 முதல் 15 அடி இடைவெளி. பெல்ட் தலை உயரத்தில். படுத்த பிறகு தூளியின் அடிப்பகுதி ஒரு நாற்காலியின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குவதை எச்சரித்து அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. உயரமாகக் கட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் இளைஞர்களுக்கு அதை நினைவூட்டுகிறோம்.

படுக்கும்போது நேராகப் படுத்தால் உடல் வாழைப்பழம்போல வளையும். காலையில் முதுகு பேசும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப் பக்கமுமாகக் குறுக்கே சாய்த்துப் படுத்தால் துணி தட்டையாகிவிடும். தூளிக்கு 5 அடி அகலம் கேட்பது இதற்காகத்தான். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடச் சொல்லும் மார்க்கத்துக்கு, ஆளுக்கொரு தூளி என்னும் இந்த ஏற்பாடு இயல்பாகவே பொருந்துகிறது. கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் பெரியவர்களின் தூளியில் தனியே விடாதீர்கள். துணியும் கயிறும் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து வீட்டுத் தூளியிலும் உண்டு, காட்டுத் தூளியிலும் உண்டு.

மரம் தேர்வதில் நம் மாவட்டங்களுக்கென்று சில செய்திகள் உள்ளன. வேம்பு, புங்கை, இலுப்பை, புளி, மா ஆகியவை நம்பத்தக்கவை. ஆள் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தண்டாகப் பாருங்கள். முருங்கை ஆகாது, முறியும். தென்னந்தோப்பு நிழலாகத் தெரியும், ஆனால் தலைக்கு மேல் மட்டையும் தேங்காயும் காத்திருக்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் பரந்து கிடக்கும் முந்திரிக் காடுகளில் கிளைகள் தாழ்ந்து படர்ந்திருப்பதால் இரண்டு நேரான தண்டுகள் கிடைப்பது அரிது. அதோடு அவை ஒருவரின் ஓராண்டு வருமானம், பூவும் பிஞ்சும் உதிரக் கூடாது. தைல மரங்களில் காய்ந்த கிளை சொல்லாமல் விழும். எந்த மரமானாலும் கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளை, தேன்கூடு, இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மரத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும்.

புளிய மரத்தடியில் இரவு தூங்கலாமா என்று கேட்கிறார்கள். பேய், முனி என்று சொல்லப்படுவதற்கெல்லாம் நம்மிடம் இடமில்லை. ஓரிடத்தில் இறங்கியதும் அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆவை ஓதினால், அங்கிருந்து கிளம்பும்வரை எதுவும் தீங்கு செய்யாது என்று கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. அதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்து கொடுத்துப் புளிய மரத்தடியிலேயே படுத்தோம்.

துஆவோடு முயற்சியும் வேண்டும். இங்கே அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். இரவில் நடமாடும் இந்தப் பாம்பு, தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைப் பெரும்பாலும் அவர்கள் தூக்கத்திலேயே கடிக்கிறது. வலியும் வீக்கமும் அதிகம் தெரியாததால் கடிபட்டவர் எறும்பு என்று எண்ணிப் புரண்டு படுத்துவிடுவார். தரையை விட்டு ஒன்றரை அடி உயர்ந்திருப்பது பெரிய பாதுகாப்பு. கூடாரத்தை விடவும் பாயை விடவும் தூளியை நாம் விரும்புவதற்கு முதல் காரணம் செலவு, இரண்டாவது காரணம் இது. ஆனால் இரவில் சிறுநீர் கழிக்க இறங்குகிறவர் வெறுங்காலை இருட்டில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வீண். டார்ச் தூளிக்குள்ளேயே இருக்க வேண்டும். செருப்பைக் கீழே விடாமல் பைக்குள் கட்டித் தொங்கவிட வேண்டும். இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகுங்கள், அது இரவில் ஊர்வனவும் விலங்குகளும் நடமாடும் இடம் என்ற நபிமொழியை இத்தனை நாள் ஒழுக்கப் பாடமாக மட்டும் நடத்தி வந்தோம். வரப்போரத்தில் படுத்த பிறகு அது இரவு அறிந்தவரின் சொல் என்று பிள்ளைகளுக்கே புரிந்தது. ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து, பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் கிடைக்கும், மந்திரிப்பவரிடம் கிடைக்காது.

எங்கே கட்டுவது? பச்சைமலையைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். லாடபுரம் மயிலூற்று அருவியும், அடிவாரத்து விசுவக்குடி அணையும் பகலில் போய்வர அருமையான இடங்கள். ஆனால் மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பின் மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன. முறையாகப் போக விரும்புவோருக்கு வனத்துறை 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தருகிறது. பச்சைமலை மேல் டாப் செங்காட்டுப்பட்டியில் வனத்துறையின் தங்கும் இடமும் உண்டு. கரைவெட்டி ஏரியும் இரவு தங்கும் இடமன்று. 454 ஹெக்டேர் அளவுள்ள அந்தப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி அங்கே வந்து இறங்குகின்றன. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய இடம். ரஞ்சன்குடிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் கல் தூணில் பெல்ட் கட்டும் யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

ஆக, மீதி இருப்பது தோப்பு. உங்கள் மாமாவின் மாந்தோப்பு, சம்பந்தியின் வயலோர வேப்ப மரங்கள், பம்புசெட் கொட்டகைக்கு அருகிலுள்ள இரண்டு புங்கைகள். அடிவாரத்துக் கிராமங்களில் விவசாயிகளிடம் நேரில் போய்க் கேட்டால் அநேகமாக மறுப்பதில்லை. மதரஸாப் பிள்ளைகள் என்று சொன்னால் இளநீர்கூட வெட்டிக் கொடுக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லர். கேட்காமல் ஒருவர் நிலத்தில் ஓரிரவு தங்கிவிட்டு, அங்கே தொழுதோம் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. தண்ணீர்த்துறை, வழி, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்பது பிள்ளைகள் அறிந்த பாடம்தான். களத்தில் அதற்குப் பொருள், ஒரு சிறு மண்வெட்டி எடுத்துப் போவது.

தொழுகையில் ஐயம் எழும் இரண்டு இடங்கள். ஒன்று, கஸ்ரு. பெரம்பலூரிலிருந்து அடிவாரத்துக்கு 20, 30 கிலோமீட்டர் போய்விட்டு இஷாவை இரண்டு ரக்அத் தொழலாமா என்கிறார்கள். பயணத் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். உள்ளூர்த் தோப்பில் நான்குதான். மற்றொன்று, கிப்லா. நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே 20 பாகை சாய்ந்தது. மே 20-ஐ ஒட்டியும் ஜூலை 23-ஐ ஒட்டியும் சூரியன் மறையும் இடமே நமக்குக் கிப்லா. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே ஒதுங்கி மறைவதால், மறையும் திசையைப் பார்த்துத் தொழுதால் 40 பாகைக்கும் மேல் விலகிப்போகும். ஆகையால் மாலையிலேயே திசை பார்த்து ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி வைத்துவிடுங்கள். தூளியில் கிடந்தபடி தொழ எண்ண வேண்டாம், கீழே தரை இருக்கிறது. படுத்துத் தூங்கினால் உளூ போய்விடும் என்பதால் ஃபஜ்ருக்குத் தண்ணீர் தேவை. ஒரு லிட்டருக்கு மேல் ஆகாது, ஆளுக்கு ஒரு பாட்டிலைத் தனியே எடுத்து வையுங்கள். பாங்கை ஒலிபெருக்கி இல்லாமல் சொல்லும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் கிடைக்கிறது. அந்தப் போட்டிக்காகவே இரண்டு பேர் அலாரம் வைக்காமல் எழுந்துவிடுகிறார்கள்.

சென்ற தை மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்கள் வளைகுடாச் சம்பாத்தியத்தில் நிற்பவை என்பது யாவரும் அறிந்தது. தம்மாமில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் ஒரு சகோதரர் இரண்டாண்டுக்குப் பின் 40 நாள் விடுப்பில் வந்திருந்தார். அவருடைய பதின்மூன்று வயது மகன் நம்மிடம் ஓதுகிறவன். பத்து நாள் கழித்து அவர் மதரஸா வாசலில் நின்றார். "ஹஜ்ரத், அங்க இருக்கும்போது தினமும் வீடியோல பேசுவான். இங்க வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துட்டேன்" என்றார். குரல் சரியாக வரவில்லை. நமக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வியாழன் இரவு நாங்கள் தோப்புக்குப் போகிறோம், கூட வாருங்கள் என்றோம்.

அங்கே அவருக்குத் தூளி கட்டத் தெரியவில்லை, மகனுக்குத் தெரியும். பெல்ட்டை எத்தனை சுற்று சுற்றுவது, முடிச்சை எந்தப் பக்கம் இழுப்பது, விரலை விரித்துச் சாய்வை எப்படிப் பார்ப்பது என்று மகன் சொல்லச் சொல்ல அத்தா கட்டினார். "இப்படி இல்ல அத்தா, விடுங்க" என்று அவன் கையைத் தள்ளிவிட்டதுதான் நாம் அறிந்தவரையில் முதல் பேச்சு. அன்று எட்டு தூளிகள், நெருக்கமாகக் கட்டியிருந்தோம். பயணத்தில் இறங்கிய தோழர்கள் பள்ளத்தாக்குகளில் சிதறித் தங்கியதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த பின், ஒரே துணியை விரித்தால் அனைவரையும் மூடிவிடலாம் என்னும்படி அவர்கள் ஒட்டித் தங்கினார்கள் என்பது அபூதாவூதில் வரும் செய்தி. அதனால் பக்கத்துத் தூளியின் பேச்சு காதில் விழுவதைத் தவிர்க்க முடியவில்லை. விளக்கையும் அடுப்பையும் அணைத்து நெடுநேரம் ஆனபின் பையன் கேட்டான்: "அத்தா, அங்க நீங்க எங்க தூங்குவீங்க?"

"ரூம்லதாம்பா. எட்டுப் பேரு."

"கட்டிலா?"

"ரெண்டு அடுக்குக் கட்டில்."

"மேலயா, கீழயா?"

"மேல. பதினோரு வருஷமா மேலதான். ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கும்."

"போன்ல உங்களுக்குப் பின்னாடி ஒரு நீலத் துண்டு தொங்கும்ல, அது மறைக்கவா?"

"ஆமா."

பிறகு பேசிக்கொண்டே இருந்தார்கள். நாம் போர்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டோம். மீதி விடுப்பில் அவர்கள் இருவர் மட்டும் மேலும் இரண்டு முறை போய்வந்ததாகப் பின்னர் அறிந்தோம். வாங்கிக் கொடுத்த பொருள்களின் விலையைப் பார்த்தால் இதன் செலவு ஒன்றுமில்லை.

குளிர், மழை, கொசு பற்றிச் சுருக்கமாக. தொடங்குவதற்கு நல்ல காலம் தையும் மாசியும்; மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது. பிறை 13, 14, 15 ஆகிய வெள்ளை நாள்களில் போனால் டார்ச் செலவு மிச்சம், ஸஹர் செய்து நோன்பு வைப்பதற்கும் தோது. அந்தக் காலத்தில் பின்னிரவு குளிரும். தூளியில் குளிர் கீழிருந்துதான் வருகிறது. மேலே இரண்டு போர்வை போர்த்தும் நடுங்குகிறவர், ஒன்றை எடுத்து முதுகுக்குக் கீழே விரித்தால் போதும். ஒற்றைத் துணிக்குள்ளாக முதுகில் கொசு கடிக்கும் என்பதற்கும் அதே மருந்து. மேலே கரூர்க் கொசுவலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு இரு பக்கமும் தூளிக்குக் கீழே முடிந்துவிடுங்கள். பனிக்கும் திடீர்த் தூறலுக்கும் 9க்கு 12 அடியில் ஒரு தார்ப்பாய். மழைநீர் பெல்ட் வழியாக வழிந்து தூளிக்குள் வராமலிருக்க, பெல்ட்டில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி மின்னல் என்றால் மரத்தடியில் இருக்கவே கூடாது, ஊருக்குத் திரும்பிவிடுங்கள். மூன்று பேர் போனாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது சுன்னத். திரும்பலாம் என்று அமீர் சொன்னால் பேச்சில்லை.

"பிள்ளைகளுக்கும் ஆம்பளைகளுக்கும் சரி, எங்களுக்கு?" என்று நம் வீட்டிலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு நான்கு புறமும் வேலியிட்ட மாந்தோப்பு இருக்கிறது. இப்போது மாதத்தில் ஒரு நாள், ளுஹாவிலிருந்து அஸர் வரை, பெண்களும் சிறுமிகளும் அங்கே போகிறார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். முதல் தடவை நான்கு பேர் போனார்கள், இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. ஐந்து பிள்ளைகளைத் தூளியில் ஆட்டி வளர்த்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர், தம்மை ஒருவர் ஆட்டிவிட்டது இதுதான் முதல் தடவை என்றாராம்.

இறுதியாக, பராமரிப்பு. காலையில் அவிழ்த்ததும் துணியை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். பனி ஈரத்தோடு பைக்குள் போனால் பூஞ்சை பிடித்து நெசவு இற்றுவிடும். ஒவ்வொரு முறையும் முனைத் தையலையும் பெல்ட்டின் ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் அன்று அது பாய். தைத்துக்கொள்ள அளவு வேண்டுவோர் நம் மதரஸாவுக்கு வந்து ஒரு தூளியைப் பிரித்துப் பார்த்துப் போகலாம். வரும் திங்கள்கிழமைக்குப் பிறகு வாருங்கள். எட்டையும் மாந்தோப்புக்கு வாங்கிப் போயிருக்கிறார்கள்.